கோலியாத் எத்தனை முழம்?

ஞாயிறு பள்ளி வேத வினாடி வினாவில் தவறாமல் வரும் கேள்வி, கோலியாத்தின் உயரம் என்ன என்பது. எங்கள் சபைப் பிள்ளைகள் யோசிக்காமல் சொல்வார்கள்: ஆறு முழமும் ஒரு சாணும். முழத்துக்கு 45 சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டால் ஒன்பதரை அடி வருகிறது. ஆனால் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையொன்றில் 1952-இல் கிடைத்த தோல் சுருள் ஒன்றில் அதே இடத்தில் நான்கு முழமும் ஒரு சாணும் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் 6 அடி 8 அங்குலம்தான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் முக்கியமான பிரதியிலும் நான்கு. முதல் நூற்றாண்டில் யூதர் வரலாற்றை எழுதிய யோசேபஸ் சொல்வதும் நான்கு. நம் தமிழ் வேதாகமத்துக்கு மூலமாக இருந்த எபிரெயப் பாடத்தில் ஆறு.

முதலில் எழுதப்பட்டது எது? இப்படிப்பட்ட கேள்விக்குப் பிரதிகளை ஒப்பிட்டு விடை தேடும் துறையை மூலபாட ஆய்வு என்கிறோம். ஒரே இடத்தில் பிரதிக்குப் பிரதி மாறும் வாசகம் பாடபேதம். ஓலைச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் நமக்குப் பழக்கிவிட்டுப் போன சொல் அது.

நான் இறையியல் கல்லூரியில் படித்தவள் அல்ல. பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில், ஈய எழுத்துக் கோத்த காலம் தொட்டுக் கணினி வந்த பிறகும் புரூஃப் பார்த்தவள். பக்கத்தில் ஓர் அக்கா மூலக் காப்பியை உரக்கப் படிப்பார். நான் புரூஃபில் விரல் வைத்துத் தொடர்வேன். மனிதக் கண் எங்கே வழுக்கும் என்பதை அந்த வேலை கற்றுக்கொடுத்தது. கடினமான சொல்லில் அது அவ்வளவாக வழுக்காது, ஏனென்றால் அங்கே எல்லோரும் நிதானிப்பார்கள். ஒரே சொல் அடுத்தடுத்த வரிகளில் திரும்ப வந்தால் வழுக்கும். எண்ணில் வழுக்கும். உருவம் ஒத்த எழுத்துகளில் வழுக்கும். ஓய்வுக்குப் பின் சாமுவேல் புத்தகத்தின் பாடபேதங்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது, அங்கே கண்ட பிழைகள் எனக்குப் பழக்கமானவையாக இருந்தன. அதனால்தான் வேதாகமம் முழுவதையும் பேசாமல், கோலியாத்தின் கதை வரும் இந்த ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வேதாகமத்தின் எந்தப் புத்தகத்துக்கும் ஆசிரியர் கைப்பட எழுதிய மூலம் இன்று இல்லை. இருப்பவை படியெடுத்தவற்றைப் பார்த்துப் படியெடுத்தவை. சாமுவேல் புத்தகத்துக்கு முக்கியமான சாட்சிகள் மூன்று.

முதலாவது, யூதர்கள் ஜெப ஆலயங்களில் வழிவழியாகக் காத்துவந்த எபிரெயப் பாடம். மசோரெத்தியர் என்ற அறிஞர்கள் கலிலேயாவில் உள்ள திபேரியாவில் இதைப் பேணினார்கள். எபிரெய எழுத்தில் மெய்கள்தாம் பிரதானம். உயிர்ஒலிகளுக்குப் புள்ளிகளும் கோடுகளும் சேர்த்துக் கொடுத்தவர்கள் அவர்களே. ஒரு சொல் எத்தனை முறை வருகிறது, எங்கெங்கே வழக்கத்துக்கு மாறாக எழுதப்பட்டிருக்கிறது என்றெல்லாம் ஓரங்களில் குறித்து வைத்தார்கள். எழுதியிருப்பது தவறு என்று தெரிந்த இடத்திலும் உள்ளே கை வைக்கவில்லை. எழுதியதை எழுதியபடி விட்டு, வாசிக்க வேண்டியதை ஓரத்தில் குறித்தார்கள். இந்த மரபில் வந்த முழுப் பிரதிகளில் பழமையானது 1008-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கெய்ரோவில் சாமுவேல் பென் யாக்கோபு என்ற எழுத்தர் படியெடுத்தது. இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. அதைவிடப் பழைய, அதைவிடச் சிறப்பான அலெப்போ பிரதி 1947-இல் அந்த ஊரில் நடந்த கலவரத்துக்குப் பிறகு பல தாள்களை இழந்த நிலையில்தான் எருசலேம் வந்து சேர்ந்தது.

இரண்டாவது சாட்சி கிரேக்க மொழிபெயர்ப்பு. எகிப்தில் குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் எபிரெயத்தை மறந்து கிரேக்கம் பேசத் தொடங்கியபோது, கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு முதல் இந்த மொழிபெயர்ப்பு படிப்படியாக உருவானது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்பார்கள். சாமுவேல் புத்தகத்தில் இது எபிரெயப் பாடத்திலிருந்து பல இடங்களில் விலகிப் போகிறது. மொழிபெயர்த்தவர்கள் தங்கள் விருப்பத்துக்குக் கூட்டிக் குறைத்துவிட்டார்கள் என்றே நெடுங்காலம் பலர் நினைத்தார்கள்.

ஜெர்மானியரான யூலியுஸ் வெல்ஹவுசன் அப்படி நினைக்கவில்லை. 1871-இல், முப்பது வயது நிறையும் முன்பே, சாமுவேல் பாடத்தைப் பற்றி மட்டும் ஒரு நூல் எழுதினார். கிரேக்கம் விலகும் இடங்களில் அந்தக் கிரேக்கத்தைத் திரும்ப எபிரெயத்தில் எழுதிப் பார்த்தார். பல இடங்களில் அப்படிக் கிடைத்த எபிரெயம் இப்போதுள்ள எபிரெயத்துக்கு ஓரிரு எழுத்து வித்தியாசத்தில் வந்து நின்றது. அப்படியென்றால் மொழிபெயர்த்தவர் கற்பனை செய்யவில்லை, அவர் மேசையில் இருந்த எபிரெயப் பிரதியே வேறு. இது அப்போது ஊகம்தான். கையில் காட்ட ஒரு துண்டுத் தோல்கூட இல்லை.

எண்பது ஆண்டு கழித்து அந்தத் தோல் கிடைத்தது. அதுதான் மூன்றாவது சாட்சி. கும்ரானின் நான்காம் குகையை 1952-இல் முதலில் கண்டவர்கள் அந்தப் பாலைவனத்து பெதுவின் மக்கள். முழுச் சுருள்கள் அங்கே இல்லை. நொறுங்கிப்போன ஆயிரக்கணக்கான துண்டுகள். சில கட்டைவிரல் நகம் அளவு. எருசலேமின் பாலஸ்தீனத் தொல்பொருள் காட்சியகத்தில் நீள மேசைகளில் கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அவற்றை வைத்து, எழுத்தின் கையையும் தோலின் நிறத்தையும் பார்த்து அறிஞர்கள் ஒட்டுப்போட்டார்கள். கறுத்துப்போய் வெறும் கண்ணுக்கு எழுத்தே தெரியாத துண்டுகளை அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்துக் கொடுத்தவர் அந்தக் காட்சியகத்தின் புகைப்படக்காரர், நஜீப் அல்பினா என்ற பாலஸ்தீனர். அறிஞர்களின் பெயர் போன இடத்துக்கெல்லாம் அவர் பெயரும் போயிருக்க வேண்டும். துண்டுகளைச் சேர்க்க அன்று செல்லோடேப் ஒட்டினார்கள். அந்தப் பசை தோலுக்குள் இறங்கிக் கெடுத்ததை நீக்கப் பின்வந்தவர்கள் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது.

அந்த மேசைகளில் சாமுவேல் சுருள் அமெரிக்க அறிஞர் ஃபிராங்க் மூர் கிராஸின் கைக்கு வந்தது. கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அதாவது கெய்ரோ பிரதிக்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. மொழி எபிரெயம். ஆனால் வாசகமோ கிரேக்கத்தோடு அடிக்கடி ஒத்துப்போனது. வெல்ஹவுசன் தாளில் எழுதிப் பார்த்த எபிரெயச் சொற்களில் சில, தோலில் மையால் எழுதப்பட்டே கிடந்தன. 1953-இல் கிராஸ் முதல் துண்டுகளை வெளியிட்டார். முழுப் பதிப்பு வர 2005 ஆகிவிட்டது.

இனி இடங்களைப் பார்ப்போம்.

அன்னாள் தன் பிள்ளை சாமுவேலை சீலோவுக்குக் கொண்டுபோகும்போது மூன்று காளைகளைக் கொண்டுபோனாள் என்கிறது எபிரெயப் பாடம். அடுத்த வசனத்தில் பலியிடப்படுவது ஒரே காளை. மற்ற இரண்டும் எங்கே? கிரேக்கத்தில் அவள் கொண்டுபோனது மூன்று வயதுக் காளை ஒன்று. சுருளிலும் மூன்று வயதுதான். எபிரெயத்தில் காளை 'பர்', காளைகள் 'பரீம்'. மூன்று வயதுள்ள என்பதற்கு 'மெஷுல்லாஷ்', மூன்று என்பதற்கு 'ஷெலோஷா'. உயிர்ஒலிகளை எடுத்துவிட்டு மெய்களை மட்டும் எழுதிப் பாருங்கள். நடுவில் நிற்கும் மகர மெய் பின்சொல்லோடு சேர்ந்தால் மூன்று வயதுக் காளை. முன்சொல்லோடு சேர்ந்தால் மூன்று காளைகள். இடைவெளி தெளிவாக இல்லாத ஒரு பிரதியில் யாரோ ஓர் எழுத்தர் அந்த மெய்யை இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

அடுத்தது நான் மிகவும் விரும்பும் இடம், முதலாம் சாமுவேல் 14-ஆம் அதிகாரம் 41-ஆம் வசனம். குற்றவாளி யார் என்று அறியச் சவுல் சீட்டுப் போடுகிறான். எபிரெயத்தில் அவன் ஜெபம் மிகச் சுருக்கம். கடைசிச் சொல்லுக்குப் பொருள் கொள்ள உரையாசிரியர்கள் திணறியிருக்கிறார்கள். கிரேக்கத்தில் ஜெபம் நீளமானது. இன்று ஏன் எனக்குப் பதில் தரவில்லை என்று சவுல் கேட்கிறான். குற்றம் என்னிடமோ என் மகன் யோனத்தானிடமோ இருந்தால் ஊரீம் விழட்டும், மக்களிடம் இருந்தால் தும்மீம் விழட்டும் என்கிறான். இரண்டும் அந்தச் சீட்டுகளின் பெயர்கள். பொருள் பளிச்சென்று தெரிகிறது. எபிரெயத்தில் இது எப்படி மறைந்தது? அந்த நீண்ட வாசகத்தில் 'இஸ்ரவேல்' என்ற சொல் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவுக்குச் சற்று முன் ஒரு முறையும் வருகிறது. எழுத்தர் முதல் 'இஸ்ரவேல்' வரை எழுதிவிட்டு மை தொட்டுத் திரும்பினார். கண் கடைசி 'இஸ்ரவேல்' மேல் போய் விழுந்தது. இடையில் இருந்ததெல்லாம் போயிற்று. புரூஃப் மேசையில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விடுபட்டது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் இரு முனையிலும் ஒரே சொல் நிற்கும். அந்தச் சொல்லைக் கண்டால் நாங்கள் உடனே மூலக் காப்பியைக் கேட்போம்.

எழுத்து மயங்கிய இடம் ஒன்றும், ஒரு பத்தியே தொலைந்த இடம் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சவுல் ராஜாவான நாளில் சிலர் அவனை அசட்டை செய்தார்கள்; அவனோ காது கேளாதவனைப் போல இருந்துவிட்டான் என்று 10-ஆம் அதிகாரம் முடிவதை நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்திருப்பீர்கள். இதை வைத்து சவுலின் பொறுமையைப் பற்றிப் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். கிரேக்கத்தில் அந்தச் சொற்களுக்குப் பதில், 'ஒரு மாதம் கழித்து' என்ற பொருளில் அடுத்த கதை தொடங்குகிறது. எபிரெய எழுத்தில் தகரத்துக்கு நிகரான தாலெத்தும் ரகரத்துக்கு நிகரான ரேஷும் ஏறக்குறைய ஒரே உருவம். ஒரு மூலையின் கூர்மைதான் வேற்றுமை. நம் ஓலைச் சுவடிகளில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் இருந்து பதிப்பாசிரியர்களைப் படுத்தியது போலத்தான். அந்த ஒரு மூலையைப் பொறுத்து, 'மாதம்' என்று வாசித்தால் காலக் குறிப்பு, மாற்றி வாசித்தால் மௌனமான சவுல்.

அடுத்து வருவது அம்மோனியனான நாகாஸின் கதை. கீலேயாத்திலுள்ள யாபேஸை முற்றுகையிட்டு, உடன்படிக்கை வேண்டுமானால் உங்கள் ஒவ்வொருவரின் வலது கண்ணையும் பிடுங்குவேன் என்கிறான். எங்கிருந்து வந்தான், ஏன் கண், ஏன் இந்த ஊர்? எபிரெயப் பாடம் ஒன்றும் சொல்வதில்லை. சுருளில் இந்த இடத்துக்கு முன்னால் வேறெந்த வேதாகமப் பிரதியிலும் இல்லாத ஒரு பத்தி இருக்கிறது. நாகாஸ் காத், ரூபன் கோத்திரத்தாரைக் கொடுமையாக ஒடுக்கினான். யோர்தானுக்கு அப்பால் வலது கண் பிடுங்கப்படாத இஸ்ரவேலர் மிஞ்சவில்லை. 7,000 பேர் மட்டும் தப்பி யாபேசுக்குள் புகுந்தார்கள். இதன் பின்னரே, ஒரு மாதம் கழித்து, நாகாஸ் அந்த ஊரை முற்றுகையிடுகிறான். இப்போது ஏன் அந்த ஊர் என்பதும் ஏன் கண் என்பதும் விளங்குகிறது. யோசேபஸும் இதையொட்டியே கதை சொல்கிறார். கேடயம் இடது கண்ணை மறைக்கும், வலது கண்ணும் போனால் போர் செய்ய முடியாது என்று காரணமும் தருகிறார். அவர் கையில் இருந்த பிரதியிலும் அந்தப் பத்தி இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சுருளை எழுதியவருக்கே அந்த இடத்தில் 'யாபேஸ்' என்ற சொல்லிலிருந்து அடுத்த 'யாபேஸ்' மேல் கண் தாவியிருக்கிறது. தவறை உணர்ந்து, விட்டதை வரிக்கு மேலே சின்ன எழுத்தில் சேர்த்திருக்கிறார்.

எல்லா அறிஞர்களும் இந்தப் பத்தியை மூலத்தைச் சேர்ந்தது என்று ஒப்புக்கொள்வதில்லை. யாரோ பிற்காலத்தில் விளக்கத்துக்காகச் சேர்த்தது என்று இஸ்ரேலிய அறிஞர் அலெக்சாண்டர் ரோஃபே வாதிட்டார். தெளிவாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு வாசகம் மூலமாகிவிடாது என்ற அவர் தரப்பின் எச்சரிக்கை நியாயமானது. ஆனாலும் 1989-இல் வந்த நியூ ரிவைஸ்டு ஸ்டாண்டர்டு வெர்ஷன் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பு அந்தப் பத்தியை உள்ளே சேர்த்துக்கொண்டது. சேர்த்தது சரி என்பதே என் எண்ணம்.

அறிஞர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதற்கு இந்த இடங்களே போதும். எத்தனை பிரதிகள் சொல்கின்றன என்று எண்ணுவதில்லை. ஒரே தவறான படியிலிருந்து நூறு படி எடுத்தால் நூறும் ஒரே சாட்சிதான். எந்தப் பாடத்திலிருந்து மற்றது பிறந்திருக்க முடியும் என்றே கேட்கிறார்கள். மூன்று வயதுக் காளையிலிருந்து மூன்று காளைகள் பிறக்கும். நீண்ட ஜெபம் கண் தாவிச் சுருங்கும். கோலியாத்தின் விஷயத்தில், மூன்று வசனம் தள்ளி அவன் ஈட்டியின் அலகு 600 சேக்கல் இரும்பு என்று வருகிறது. அந்த ஆறின் நிழல் மேலே விழுந்து நான்கு ஆறாயிற்று என்பது ஒரு விளக்கம். கதை சொல்லச் சொல்ல அரக்கனின் உயரம் கூடுமே தவிரக் குறையாது என்பதும் நான்குக்குச் சாதகம். ஆறு என்பதே சரி என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். நான்கு முழத்தானும் அந்தக் காலத்துப் படைவீரர்கள் நடுவே மலைபோல்தான் நின்றிருப்பான். மக்கள் எல்லோரையும்விடத் தோளுக்கு மேல் உயர்ந்தவன் என்று பெயர் வாங்கிய சவுல், அவனுக்கு எதிரே போக வேண்டியவன், கூடாரத்தில் இருந்தான் என்ற குற்றச்சாட்டு நான்கு முழத்தில்தான் எனக்கு உறைக்கிறது.

பிழைதான் உறவைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு பதிப்பகத்தின் கைடுகளில் ஒரே பக்கத்தில் ஒரே அச்சுப்பிழை இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றது அடித்திருக்கிறது என்று அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும். புதிய ஏற்பாட்டில் இந்த வழி நிரம்பப் பயன்பட்டது. அதன் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் ஐயாயிரத்துக்கும் மேல். டப்ளினைச் சேர்ந்த வில்லியம் ஃபெரார் 1868-இல் வெவ்வேறு ஊர்களில் கிடந்த நான்கு பிரதிகளை ஒப்பிட்டு, அவை ஒரே தாய்ப் பிரதியின் பிள்ளைகள் என்று கண்டுகொண்டார். அவற்றில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவானில் இல்லை, லூக்கா 21-ஆம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. வேறு பழைய பிரதிகளில் அந்தக் கதையே கிடையாது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அலைந்த கதை அது. நான் அதை நேசிக்கிறேன். யோவான் எழுதிய பகுதி அல்ல என்பதையும் ஏற்கிறேன்.

இதையெல்லாம் சபையில் பேசினால், வேதத்தில் பிழை என்கிறாயா என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். வருத்தம் எனக்குப் புரிகிறது. அவர்களிடம் நான் முதலில் சொல்வது ஏசாயாவைப் பற்றி. 1947-இல் வெளிச்சத்துக்கு வந்த பெரிய ஏசாயா சுருள் ஏழு மீட்டருக்கும் மேல் நீளம், 66 அதிகாரங்களும் அதில் உண்டு. எழுத்துக்கூட்டலிலும் சிறு சொற்களிலும் வித்தியாசங்கள் நிறைய இருந்தாலும், ஆயிரம் ஆண்டுக்குப் பிந்தைய பிரதியில் இருக்கும் அதே புத்தகம்தான் அது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாமுவேல் அதிகம் சிதைந்த புத்தகம். எல்லாப் புத்தகமும் அப்படியல்ல. இரண்டாவதாகச் சொல்வது: ஒரே ஒரு பிரதி மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால் பாடபேதம் என்ற பேச்சே இருக்காது. அதில் விடுபட்டது என்றென்றைக்கும் விடுபட்டதாகவே போயிருக்கும். பிரதிகள் முரண்படுவதால்தான் தேட முடிகிறது.

தேடியும் கிடைக்காத இடங்கள் உண்டு. முதலாம் சாமுவேல் 13-ஆம் அதிகாரம் முதல் வசனம், சவுல் எத்தனை வயதில் ராஜாவானான் என்று சொல்ல வந்தது. எபிரெயத்தில் வயதைக் குறிக்கும் எண் இல்லை. எழுதியபடி வாசித்தால் ஒரு வயதுப் பிள்ளை அரியணை ஏறியதாகிறது. ஆட்சி செய்த ஆண்டு இரண்டு என்று இருக்கிறது, அதிலும் ஒரு பகுதி தொலைந்திருக்க வேண்டும். கிரேக்கப் பிரதிகள் பலவற்றில் அந்த வசனமே இல்லை. சிலவற்றில் 30 வயது என்று யாரோ இட்டு நிரப்பியிருக்கிறார்கள். சுருளிலிருந்தும் உதவி கிடைக்கவில்லை. மசோரெத்தியருக்கு இது குறைவசனம் என்று தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஒரு எண்ணைப் போட்டுவிடுவது எளிது. போடவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தக் குறையைக் குறையாகவே படியெடுத்தார்கள். நான் சொன்ன ஆங்கில மொழிபெயர்ப்பும் அந்த இடத்தில் எண்ணுக்குப் பதில் மூன்று புள்ளி வைத்துவிட்டுப் போகிறது.

இந்த மொத்தத் துறையிலும் நான் அதிகம் மதிப்பது அந்த மூன்று புள்ளிகளைத்தான். உங்கள் வீட்டு வேதாகமத்தில் பக்க அடியில் சின்ன எழுத்தில் 'சில பிரதிகளில்' என்று தொடங்கும் குறிப்பு இருந்தால், அதைத் தாண்டிப் போகாமல் நின்று வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.